குரல் கம்மிய குழந்தையின் இன்னலை அளப்பது எங்ஙனம்?



ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை பெரும்பாலும் கல்வியின் சிறப்பைப் பற்றியோ, கட்டொழுங்கைப் பற்றியோ அமைவது வழக்கம். இவ்வாண்டு குழந்தைகளின் குரலைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டேன். மருத்துவம் என் துறையன்று. எனினும், ஆசிரியன் என்ற முறையில் இதில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைப்பேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, "உள்ளேன் ஐயா" என்பார்கள். ஒரு சிறுவன் மட்டும் வாய் திறவாமல் கையை உயர்த்துவான். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் எழுந்து சொன்னான். காய்ந்த மட்டையைத் தரையில் இழுத்தாற்போல ஒரு கரகரப்பு. அதன் நடுவே 'ஐயா' என்பது மட்டும் காதில் விழுந்தது. வகுப்பு முன்னிலும் உரக்கச் சிரித்தது. "சளி பிடித்திருக்கிறதா? தொண்டையைக் கனைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றேன். அந்தச் 'சளி' ஆண்டு முடியும் வரை நீங்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அவனைப் பற்றிய எஞ்சிய செய்தியைப் பிறகு கூறுகிறேன். முதலில், குரல் எவ்வாறு பிறக்கிறது என்பதை மாணவர்களும் விளங்கிக்கொள்ளுமாறு சொல்லிவிடுவோம்.

உங்கள் கழுத்தின் முன்புறத்தில் விரலை மெல்ல வைத்து, 'ம்ம்ம்' என்று ஒலித்துப் பாருங்கள். விரலுக்கடியில் ஓர் அதிர்வு தெரியும். அவ்விடமே குரல்வளை. அதனுள் இரண்டு சிறிய மடிப்புகள் உள்ளன. இவற்றைக் குரல் நாண்கள் என்பர். நாண் என்று பெயர் பெற்றிருப்பினும் இவை வீணையின் தந்தி போன்றவை அல்ல. ஈரமான மென்படலத்தால் போர்த்தப்பட்ட தசை மடிப்புகள். மூச்சு விடும்போது அவை விலகி நிற்கின்றன. பேசும்போது ஒன்றையொன்று நெருங்குகின்றன. நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. பிறந்த குழந்தையிடம் இந்நாண்களின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே. வளர்ந்த ஆடவரிடம் அது 2 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும். ஆடவரின் நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 120 தடவை அதிர்கின்றன. தொடக்கப்பள்ளிக் குழந்தையின் நாண்களோ 250 தடவைக்கு மேல் அதிர்கின்றன. ஒரு நிமிடம் இடைவிடாது ஒலித்தால் எத்தனை அதிர்வுகள்? நான்காம் ஆண்டு மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். 15,000 என்று விடை வரும்.

இத்தனை தடவை இரண்டு மெல்லிய மடிப்புகள் மோதிக்கொள்கின்றன. அளவோடு பேசினால் ஒன்றும் நேராது. நாள்தோறும் கத்தினால், அலறினால், விளையாட்டில் வண்டி போலவும் புலி போலவும் தொண்டையை இறுக்கி ஒலியெழுப்பினால், மோதும் இடம் முதலில் வீங்குகிறது, பின்னர்த் தடிக்கிறது. செம்பனைக் குலை அறுக்கும் நம் தொழிலாளர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நீண்ட கம்பைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்ப்புக் காய்க்கின்றதே, அதுபோன்றதுதான் இதுவும். கையில் காய்த்த காய்ப்புத் தோலைக் காக்கும். நாணில் காய்த்த காய்ப்போ இரு நாண்களும் பொருந்தி மூட இடந்தராது. இடைவெளியில் காற்றுக் கசியும், குரல் கம்மும், பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பள்ளிப் பருவத்தில் நீடித்துக் கம்மிய குரலுக்கு மிகுதியாகக் காணப்படும் காரணம் இதுவே. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடமே இது கூடுதல்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. சளிக்காய்ச்சலால் வரும் கம்மல் சில நாளில் தீரும். வயிற்றின் புளிப்பு நீர் மேலேறுவதாலும் தொண்டை புண்படலாம். ஒருவகை நச்சுயிரியால் நாண்களில் பருக்கள் முளைப்பதுண்டு. குறைமாதத்தில் பிறந்து, மூச்சுக்குழாயில் குழல் செலுத்திக் காப்பாற்றப்பட்ட சில குழந்தைகளுக்குக் குரல் பழுதுபடுவதுண்டு. பிறவியிலேயே நாண் அசையாத குழந்தைகளும் உளர். இவற்றுள் எது என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்ய இயலாது. உள்ளே பார்த்தே அறிய வேண்டும்.

குரல் கோளாறுடைய குழந்தைகள் எத்தனை பேர்? பல நாடுகளில் எடுத்த கணக்குகளில் நூற்றுக்கு 6 முதல் 9 வரை என்பதே அடிக்கடி கூறப்படும் அளவு. சில கணக்குகளில் 20க்கும் மேல் போகிறது. குறைந்த அளவையே கொண்டாலும், 30 பேர் உள்ள வகுப்பில் ஏறத்தாழ இரண்டு பேர். நம் சூழலை எண்ணிப் பாருங்கள். சுழலும் விசிறி, ஓயாத தொலைக்காட்சி, லயத்து வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூப்பிடும் பழக்கம், துறைமுகத்தை நோக்கி விரையும் லாரிகள். பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்புறத்துப் பிள்ளையோ தொடர்வண்டியின் ஒலிக்கு மேல் பேசிப் பழகுகிறது. இவற்றோடு புகைமூட்டம் வேறு. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோலக்கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்புகை கண்ணையும் தொண்டையையும் எவ்வளவு எரித்தது! எரிந்த தொண்டையோடு கத்துகிற குழந்தையின் நாண்கள் என்ன பாடுபடும்?

இனிக் கட்டுரையின் உயிரான வினாவுக்கு வருகிறேன். குரல் கம்மியிருக்கிறது என்பது ஒன்று. அக்கம்மல் அக்குழந்தையின் வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே என் பிழை.

இதனை விளக்க, உங்கள் அனைவருக்கும் தெரிந்த ஒரு குரலை நினைவூட்டுகிறேன். 1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் நடிகர் எம். ஜி. ஆர். சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பினார், ஆயினும் பழைய குரல் திரும்பவில்லை. மாறிய அக்குரலோடே தொடர்ந்து நடித்தார், மேடைகளில் பேசினார், 1977இல் தமிழக முதலமைச்சர் ஆனார். நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் திரை கட்டி அவர் படங்களைக் காட்டுவார்கள். அக்குரலைக் கேட்டுச் சிரித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை, கண்கலங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். கருவியால் அளந்தால் அவர் குரலும் பழுதுபட்ட குரல்தான். ஆனால் அவரைச் சுற்றி நின்றோர் அன்புடையோர். என் வகுப்புச் சிறுவனைச் சுற்றி இருந்தவர்கள் 28 சிறுவர் சிறுமியரும் ஒரு பொறுமையற்ற ஆசிரியரும். குரலின் பழுதை மட்டும் அளக்கும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

குரலை அளக்கும் வழிகள் பல உண்டு. பழக்கப்பட்ட செவியால் அளப்பது ஒன்று. ஜப்பானிய அறிஞர்கள் வகுத்து, 1981 முதல் உலகெங்கும் பரவிய முறையில், குரலின் மொத்தக் கேடு, கரகரப்பு, காற்றுக் கசிவு, வலுவின்மை, இறுக்கம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 3 வரை எண் இடுவர். கணினியால் அதிர்வின் ஒழுங்கை அளப்பது மற்றொன்று. குழாய்க் கருவியால் நாண்களை நேரே பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு வழிகாட்டியவர் ஒரு மருத்துவர் அல்லர், ஓர் இசையாசிரியர் என்பதை ஆசிரியர்கள் சற்றுப் பெருமையோடு நினைவில் கொள்ளலாம். மனுவேல் கார்சியா என்னும் அவர் 1854இல் பாரிஸ் நகரில், சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, வெயிலின் ஒளியில் தம் குரல் நாண்களைத் தாமே கண்டார்.

இவையெல்லாம் தேவையானவை. ஆனால் இவை அளப்பது தொண்டையை. குழந்தை என்பது தொண்டை மட்டும் அன்று. நோயில்லாமை மட்டுமே நலம் ஆகாது, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நன்றாக இருத்தலே நலம் என்ற கருத்தை உலகச் சுகாதார நிறுவனம் 1948 முதல் வலியுறுத்தி வருகிறது. அக்கருத்தைக் குரலுக்குப் பொருத்தி, பெரியவர்களுக்கென 30 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 1997இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதனைத் தழுவிக் குழந்தைகளுக்கான படிவத்தைச் சின்சினாட்டி நகரத்து மருத்துவர்களும் பேச்சியல் வல்லுநர்களும் 2007இல் வெளியிட்டனர்.

அப்படிவத்தில் 23 கேள்விகள். அவற்றுக்கு விடை கூறுபவர் பெற்றோர். 7 கேள்விகள் அன்றாடச் செயலைப் பற்றியவை: பிறர் குழந்தையின் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிறதா, பேச வேண்டிய இடங்களை அது தவிர்க்கிறதா என்பன போன்றவை. 9 கேள்விகள் உடலைப் பற்றியவை: மூச்சு வாங்குவது, நாளின் ஒரு பொழுதில் தெளிந்தும் மறுபொழுதில் கம்மியும் இருப்பது, பேசச் சிரமப்படுவது முதலியவை. மீதி 7 கேள்விகள் உள்ளத்தைப் பற்றியவை: வெட்கம், எரிச்சல், பிறரோடு பேசும்போது ஏற்படும் பதற்றம். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 4. ஆகவே மொத்தம் 92 வரை போகலாம். எண் கூடக் கூட இன்னல் கூடுதல். குழந்தை எவ்வளவு வாயாடி என்பதையும் அதே படிவத்தில் தனியே கேட்கிறார்கள். நாள் முழுதும் பேசும் பிள்ளைக்கும் தானே அமைதியை விரும்பும் பிள்ளைக்கும் ஒரே அளவு கம்மல் ஒரே அளவு துன்பத்தைத் தராது என்பதே காரணம்.

சிகிச்சைக்கு முன் ஒரு தடவையும், சில மாதம் கழித்து மறுதடவையும் இப்படிவத்தை நிரப்பினால், குரல் தெளிந்ததா என்பதோடு வாழ்வு தெளிந்ததா என்பதும் தெரியும். சில சமயம் முதலாவது சிறிதே தெளிந்திருக்க, இரண்டாவது மிகவும் தெளிந்திருக்கும். சில சமயம் மறுதலையாகவும் நிகழும்.

இங்கே ஒரு குறை தோன்றுகிறது அன்றோ? இன்னல் குழந்தையுடையது, விடையோ பெற்றோருடையது. காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் புறப்பட்டுச் சென்று, மாலையில் களைத்துத் திரும்பும் தாய்க்குப் பள்ளியில் நடந்தது எங்ஙனம் தெரியும்? அமெரிக்காவில் 40 குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் நேரில் கண்டு உரையாடிய ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. குரல் கம்மிய பிள்ளைகளுள் பலர், சிறியவர்கள் கூட, தங்கள் கோபத்தையும் வருத்தத்தையும், பிறர் தங்கள் குரலைக் குறித்துப் பேசுவதால் உண்டாகும் கூச்சத்தையும் தாமே எடுத்துரைத்தனர். குழந்தைக்கு என்ன தெரியும் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பின்னர், 2013இல் இத்தாலியில், குழந்தைகளே நேரடியாக விடையளிக்கத்தக்க 10 கேள்விகள் கொண்ட படிவமும் உருவாக்கப்பட்டது.

மொழியும் ஒரு சிக்கல். ஆங்கிலக் கேள்வியை அப்படியே பெயர்த்துவிட்டால் போதாது. 2015இல் குழந்தைகளுக்கான படிவத்தை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும், பெரியவர்களுக்கான 10 கேள்விச் சுருக்கப் படிவத்தை வல்லுநர்கள் மலாய் மொழியில் ஆக்கியிருக்கிறார்கள். இத்தகைய முயற்சியில் முதலில் பெயர்ப்பார்கள். பெயர்த்ததை வேறொருவர் மூலமொழிக்கே திருப்பிப் பெயர்ப்பார். பொருள் மாறவில்லை என்று கண்டபின், குரல் கெட்ட சிலரிடமும் நலமான சிலரிடமும் கொடுத்து, எண்கள் வேறுபடுகின்றனவா என்று பார்ப்பார்கள். ஏன் இவ்வளவு பாடு? மலாயில் 'செராக்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்குவதை நாம் கம்மல், கரகரப்பு, தொண்டைக்கட்டு, குரலடைப்பு என்று பலவாறு சொல்கிறோம். ஒரு தாய்க்குக் கரகரப்பு என்றால் சளி. இன்னொரு தாய்க்கு அது பிள்ளையின் இயல்பு. வீட்டின் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குக் கூப்பிட்டால் கேட்கிறதா என்று கேட்பது மாடி வீட்டுக்குப் பொருந்தும். எட்டி நின்றால் கை தொடும் லயத்து வீட்டில், கம்மிய குரலும் கேட்கத்தான் செய்யும்; தாய் 'குறையில்லை' என்றே விடையளிப்பார். அதே குழந்தையை ஐம்பது பேர் ஓடும் பள்ளித் திடலில் நிறுத்திக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

என் வகுப்புச் சிறுவனுக்கும் இதுவே நிகழ்ந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் பள்ளிக்கு வந்த சுகாதாரக் குழுவின் தாதி ஒருவர் அவனை ஒரு வாக்கியம் பேசச் சொல்லிக் கேட்டார். எத்தனை மாதமாக இப்படி என்றார். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு தாய் அவனை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நாண்களில் காய்ப்பு. பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார்கள். நான் மேலே சொன்ன படிவங்கள் பல அப்போது பிறக்கவே இல்லை. அவர் தம் போக்கில் கேட்டார். தாய், "வீட்டில் நன்றாகத்தான் பேசுகிறான், ஒரு தொல்லையும் இல்லை" என்றாராம். பிறகு அவனைத் தனியே, பொம்மைகளை வைத்து விளையாட விட்டுக் கேட்டார்களாம்.

அந்தத் தாய் ஒரு மாலை, வேலை உடையோடு என்னைக் காண வந்தார்.

"ஐயா, இவன் கடைக்குப் போகமாட்டேன் என்பது சோம்பல் என்று நினைத்து நான் அடித்திருக்கிறேன். கடைக்காரர் 'என்ன, என்ன' என்று கேட்பாராம். அதற்குப் பயந்துகொண்டு போகாமல் இருந்திருக்கிறான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சற்றுத் தயங்கினார்.

"பள்ளிக்கூடத்தில் எது பிடிக்காது என்று அந்த அம்மா கேட்டார்களாம். பாடம் எல்லாம் பிடிக்குமாம். காலையில் பேர் கூப்பிடுவதுதான் பிடிக்காதாம், ஐயா."

என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தாய் அறியாதது பள்ளியில் இருந்தது. ஆசிரியர் அறியாதது கடை வாசலில் இருந்தது. இரண்டையும் அறிந்தவன் அவன் ஒருவனே. அவனைத்தான் எங்களில் எவரும் கேட்கவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முகம் தெரியாத குழந்தைகளின் ஒலிப்பதிவைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, அக்குழந்தைகளின் குணத்தை மதிப்பிடச் சொன்ன ஆய்வு ஒன்று 1988இல் அமெரிக்காவில் வெளியானது. குரல் கம்மிய குழந்தைகளைக் கேட்டவர்கள் நலமான குரலுடையோரைவிடத் தாழ்வாகவே மதிப்பிட்டார்கள். குரலைக் கேட்டுக் குணத்தை எடை போடும் பழக்கம் நம்மிடமும் உண்டு. நம் பாடத்திட்டத்தில் கேட்டல், பேச்சுத் திறன்களுக்கு ஆசிரியரே 1 முதல் 6 வரை அடைவுநிலை வழங்குகிறார். கருத்தும் சொல்லும் வரிசையுமே அங்கு மதிப்பிடத்தக்கவை. எனினும் கணீரென்று பேசுகிற பிள்ளை நம் காதை முதலிலேயே வென்றுவிடுகிறது. அச்சிறுவனுக்கு நான் வாய்மொழிக்கு இட்ட குறைந்த மதிப்பெண்ணை இன்று நினைத்துப் பார்க்கையில், அது அவனுடைய தமிழுக்கு இட்டதா, தொண்டைக்கு இட்டதா என்று எனக்கே ஐயமாக இருக்கிறது. கதை சொல்லும் போட்டி, திருமுறை ஓதும் போட்டி முதலியவற்றில் குரல் வளத்திற்கென மதிப்பெண் ஒதுக்குவதை நான் குறை கூறவில்லை. இசைக்கு அது வேண்டியதே. வகுப்பறை போட்டி மேடை அன்று என்பதே என் கருத்து.

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் தெருவில் நடந்து செல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பார்வையற்ற அன்பர்கள் ஒருவரையொருவர் குரலால் இனங்கண்டு பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் குரலே முகம். பார்வையுள்ள நமக்கும் அது பாதி முகம்தான். ஒரு பிள்ளையின் குரலை எள்ளுவது அதன் முகத்தை எள்ளுவது போன்றதே என்று எங்கள் மாணவர்களிடம் இப்போது சொல்லி வருகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சொல். ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டிக் குரல் உடைந்து தடிப்பது நோயன்று. நம் முன்னோர் இதனை 'மகரக்கட்டு உடைதல்' என்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் நாடக சபையைத் தொடங்கிய காலத்தில், மகரக்கட்டு உடைந்த சிறுவனுக்குப் பாடும் வேடங்கள் கிடைப்பது அரிதாகிவிடும். அக்காலத்தில் நாடகச் சிறுவனின் சோறே குரலைச் சார்ந்திருந்தது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சில மாதங்களில் குரல் நிலைபெறும்.

பெற்றோர் எப்போது மருத்துவரை நாட வேண்டும்? சளியோ காய்ச்சலோ இல்லாமலே குரல் கம்மியிருந்தாலும், சளி தீர்ந்த பிறகும் கம்மல் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் காலம் தாழ்த்த வேண்டாம். மூச்சு இழுக்கும்போது ஒலி கேட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, விழுங்க முடியாமற் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மற்றபடி, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டிக் கடிதம் பெறலாம். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும், கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனையிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பேச்சுச் சிகிச்சையாளராக வேண்டுமானால் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் தன் கோலாலம்பூர் வளாகத்தில் இத்துறையில் பட்டப் படிப்பைத் தொடங்கியபின் அந்நிலை மாறியது. நம் பிள்ளைகளில் ஒருவர் அப்படிப்புக்குச் சென்று, தமிழில் கேள்வி கேட்கும் சிகிச்சையாளராகத் திரும்பினால் நான் மிகவும் மகிழ்வேன்.

காய்ப்புக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. குரலை மென்மையாக எழுப்பவும் மூச்சைப் பகிர்ந்து பேசவும் விளையாட்டின் வழியாகவே பயிற்சி தருகிறார்கள். வளர வளரப் பலருக்குத் தானாகவே குறைந்தும் போகிறது. அதற்காகக் காத்திருக்கலாமே என்பீர்கள். எட்டு வயதில் வாய் மூடியவன் பதினான்கு வயதில் குரல் தெளிந்ததும் வாய் திறப்பான் என்று யார் உறுதி கூற முடியும்?

வீட்டு மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதிமதுரமும் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதமளிப்பவை, நானும் பருகுகிறேன். ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியே செல்கிறது. குரல் நாண்கள் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாயிலில். ஆகவே கஷாயம் நாணில் நேரே படுவதில்லை. காய்ப்பைக் கரைப்பதும் இல்லை. அடிக்கடி தண்ணீர் பருகச் செய்யுங்கள். அருகில் புகை பிடிக்காதீர்கள். கம்மிய குரலுக்கு ஓய்வு என்று கருதிக் கிசுகிசுவெனப் பேசச் சொல்லாதீர்கள். அதுவும் பலருக்கு நாண்களை இறுக்குகிறது. மெல்லிய இயல்பான குரலே நல்லது. 'கத்தாதே' என்று நாமே கத்திச் சொல்வதில் பயனில்லை. கூப்பிட வேண்டுமானால் அருகில் போய்க் கூப்பிடும் பழக்கத்தைப் பெரியவர்கள் முதலில் மேற்கொள்ள வேண்டும். திடலில் பிள்ளைகளை அழைக்க நம் ஆசிரியர்கள் இப்போது ஊதுகுழலையும் கைதட்டலையும் பயன்படுத்துகிறார்கள். இதனால் ஆசிரியர்களின் தொண்டையும் தப்பித்தது.

அச்சிறுவன் ஏழெட்டு மாதம் பயிற்சிக்குச் சென்றான். குரல் ஓரளவே தெளிந்தது. கடைக்குப் போகத் தொடங்கினான் என்று தாய் சொன்னார். அவன் ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் வரை காலையில் கைதான் உயர்த்தினான். வகுப்பில் எல்லாரையுமே கை உயர்த்தச் சொல்லிவிட்டபடியால், அதனை யாரும் கவனிக்கவில்லை.

இவ்வாண்டு முதல் நம் பள்ளியில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். குரல் ஒரு மாதத்துக்கு மேல் கம்மியிருக்கும் பிள்ளையின் வகுப்பாசிரியர் ஒரு தாளை எடுத்துக்கொள்வார். பேசும்போது களைப்பாக இருக்கிறதா, சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி பிறர் கேட்கிறார்களா, குரலை வைத்து யாரேனும் பெயர் சூட்டி அழைக்கிறார்களா, பேச நேரும் என்று போகாமல் தவிர்க்கும் இடம் எது, பேச வேண்டியிருந்தும் பேசாமல் விட்டது எப்போது, யாரிடம் பேசுவது எளிது என ஆறே கேள்விகள். இது மருத்துவ அளவையன்று, எண்கள் இடுவதில்லை. ஒரே கேள்விகளைப் பெற்றோரிடம் ஒரு தடவை, பிள்ளையிடம் தனியே ஒரு தடவை, ஆசிரியர் தம்மிடமே ஒரு தடவை கேட்டு, மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பார். விடைகள் வேறுபடும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவோம். மருத்துவமனைக்குச் செல்லும் பெற்றோர் அத்தாளின் படியையும் எடுத்துச் செல்லலாம். மலாய் மொழியிலும் எழுதித் தருகிறோம். தாளை நிரப்ப உதவி வேண்டுவோர், வேலை முடிந்தபின் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தாலும் அலுவலகத்தில் என்னைக் காணலாம். உடை மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை.